ஐப்பசிக்குப் பேசிய கரி

இஸ்திரி வண்டிக்காரர் இன்று காலை பெட்டியில் கரி போட்டு விசிறினார். அந்த வாடைக்கு உங்கள் சட்டை நினைவுக்கு வந்தது. அழுகை வரவில்லை. நீங்கள் போன நாளிலிருந்தே வருவதில்லை.

நம் மகன் பம்பாயில் எண்ணெய் வியாபாரம் பார்க்கிறான். ஆறு மாதம் கழித்து வரப்போகும் எண்ணெய்க்கு இன்றைக்கே விலை. "எண்ணெய கண்ணால கூட பாக்க மாட்டோம்மா, வெல வித்தியாசத்த மட்டும் தீத்துக்குவோம்" என்கிறான், என்னவோ புதுசு போல.

எழுபதுகளில் நாமும் அதைத்தானே செய்தோம். பங்குனியில் மலையிறங்கிப் போளூர் போவோம். டீக்கடைக்காரர் உங்கள் கைமேல் துண்டைப் போட்டு, அடியில் விரல் பிடித்து விலை பேசுவார். பாய்லருக்கு ஐப்பசியில் கொடுக்கப்போகும் கரிக்கு அப்போதே விலை முடிந்துவிடும். மழை வலுத்து விலை ஏறினால் அவருக்கு ஆதாயம், மழை ஏமாற்றினால் நமக்கு. எப்படியானாலும் இரண்டு பேரும் பயமில்லாமல் தூங்கலாம்.

பிறகு நடுவில் ஆட்கள் வந்தார்கள். டீக்கடைக்காரர் பேசிய பேச்சை ஒருவர் வாங்கி இன்னொருவருக்கு விற்றார். மலையில் நாம் விறகு அடுக்கி எரித்த கரிமூட்டத்தை அவர்கள் பார்த்ததுகூட இல்லை. எண்பதுகளில் டீக்கடைகளுக்கு கேஸ் அடுப்பு வந்தது, அந்த ஐப்பசியில் கரி விலை படுத்துவிட்டது. கடைசியாகப் பேச்சை வாங்கியிருந்த மளிகைக்காரர் சிரித்தார். "இன்னா இப்போ? பேசுன வெலைக்கும் இன்னிக்கி வெலைக்கும் உள்ளத குடுத்துட்றேன். கரிய நீயே வெச்சுக்கோ."

கணக்குச் சரிதான். அன்றைய விலைக்குக்கூட அந்தக் கரியை வாங்கத்தான் ஆளில்லை. நம் வருஷத்துச் சாப்பாடே அந்த மூட்டைகள். "நான் கரியத்தாங்க வித்தேன், வித்தியாசத்த இல்ல" என்று சொல்லி, லாரியிலிருந்து அவர் கடை வாசலிலேயே இறக்கினீர்கள். தெருவே கூடிவிட்டது. "வாங்க, வூட்டுக்குப் போலாம்" என்றேன். நீங்கள் அசையவில்லை. பொழுது சாய்ந்தபோது முழு விலையும் கைக்கு வந்தது.

அடுத்த பங்குனியில் போளூரில் ஒருவரும் உங்கள் கைமேல் துண்டு போடவில்லை. வம்புக்காரன் என்று பெயராகிவிட்டது. ரோடு போடும் வேலைக்குப் போனீர்கள், தார்ப்புகை நெஞ்சில் தங்கியது, போய்விட்டீர்கள்.

நேற்று மகனிடம் கேட்டேன், "எவனாவது நெசமாவே சரக்க கொண்டாந்து எறக்கிட்டா?"

"சில சந்தைல வாங்குனவன் சரக்க எடுத்தே ஆவணும்மா. அந்த பயம் இல்லன்னா வெலையே பொய்யாய்டும்."

போனை வைத்துவிட்டேன். நீங்கள் செய்தது சரி. இதைக் கேட்க வேண்டியவர் நீங்கள் ஒருவர்தான், அதனால் யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறேன்.