பதினான்காம் எண் அறையில் என் கணவர் வசிப்பது பற்றி

அனுப்புநர்
சலவைக்கூடப் பணியாளர் (நிரந்தர வசிப்பாளர்),
அறை எண் 14, மூன்றாம் மாடி,
பேருந்துப் பணிமனைக்குப் பின் தெரு.

பெறுநர்
குடியேற்ற அலுவலர் அவர்கள்,
வசிப்புரிமைப் பிரிவு,
அரசு அலுவலக வளாகம்.

பொருள்: என் கணவர் என்னுடன் வசிக்கவில்லை எனக் கூறி அவரது வசிப்புரிமை விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது – மறு ஆய்வு கோருதல் – தொடர்பாக.

பார்வை: வீட்டு ஆய்வு அறிக்கையும், அதன்மேல் பிறப்பிக்கப்பட்ட தங்கள் உத்தரவும்.

மதிப்பிற்குரிய ஐயா,

நான் இந்நகர மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் ஏழு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். என் கணவர் சென்ற ஆண்டுதான் இங்கு வந்து சேர்ந்தார். அதற்கு முன் ஆறு ஆண்டுகள் தொலைபேசியிலேயே குடும்பம் நடத்தினோம். அவர் முப்பது நாட்களுக்குள் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்று தங்கள் உத்தரவு சொல்கிறது. அதில் பதினொரு நாட்கள் போய்விட்டன. ஆகவே, வளவளவென்று எழுதாமல் விஷயத்துக்கு வருகிறேன்.

1. அறையில் கட்டில் ஒன்று, தலையணை ஒன்று, தட்டு ஒன்று, சாவி ஒன்று என்று ஆய்வாளர் குறித்திருக்கிறார். “ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே இருக்கும் அறை” என்றும் எழுதியிருக்கிறார். ஐயா, புதன் இரவும் ஞாயிறும் தவிர அது முழுக்க உண்மை. அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. அதை வைத்துக் கணவர் இங்கே வசிக்கவில்லை என்று அவர் முடிவு கட்டியதைத்தான் எதிர்க்கிறேன்.

2. நான் காலை நாலே முக்காலுக்குக் கிளம்புகிறேன். என் கணவர் ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை முடிந்து காலை ஆறு மணிக்கு வீடு திரும்புகிறார். நான் வேலை முடிந்து வந்து இறங்கும் பேருந்து மாலை ஐந்து பத்துக்கு வரும். அவர் ஏறிப் போகும் பேருந்து ஐந்து இருபத்தைந்துக்கு. ஒரே கட்டில்தான், ஆள் மட்டும் மாறுகிறோம். இந்த இரவு வேலை அவர் விரும்பித் தேடியது அல்ல. துணைவராக வருபவரும் வேலையில் இருக்க வேண்டும் என்பது தங்கள் விதி. வசிப்பாளர் அட்டை இல்லாதவருக்குப் பகல் வேலை கிடையாது என்பது தொழிற்சாலையின் விதி.

3. வார விடுமுறை இல்லையா என்று தாங்கள் கேட்கலாம். அவருக்குப் புதன்கிழமை. அன்று மாலை, வசிப்புரிமைக்குக் கட்டாயம் என்று தாங்கள் வைத்திருக்கும் மொழி வகுப்புக்குப் போகிறார். திரும்பி வரும்போது நான் கதவைத் தாழிடாமல் தூங்கிவிட்டிருப்பேன். எழுப்ப மனம் வராமல் தரையில் படுத்துக்கொள்வார். எனக்கு விடுமுறை ஞாயிறு. அன்று அவர் மூன்று மணிவரை தூங்குவார். விசில் சத்தத்தில் விழித்துவிடுவாரே என்று ஞாயிற்றுக்கிழமைகளில் நான் குக்கர் வைப்பதில்லை. சத்தம் போடாமல் சமைத்துவிட்டு, நாற்காலியைக் கட்டில் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொள்வேன். எழுந்த பிறகு ஒரே தட்டில் சாப்பிடுகிறோம். அறிக்கையில் சொன்ன அந்த ஒரு தட்டு அதுதான்.

4. சாவி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வீட்டு உரிமையாளர் ஒரு சாவிதான் தந்தார், வேண்டுமானால் இன்னொன்று செய்துகொள்ளச் சொன்னார். நாங்கள் வேண்டுமென்றேதான் செய்யவில்லை. காலையில் சாவியை எதிர் அறைத் தையற்காரரிடம் கொடுத்துவிட்டுப் போவேன். மாலையில் என் கணவர் அதைப் பேருந்து நிறுத்தத்துக்கே கொண்டுவந்து என் கையில் கொடுப்பார். இரண்டாவது சாவி இருந்தால், அசதியான நாளில் இன்னும் பத்து நிமிடம் படுக்கலாம் என்று அவருக்குத் தோன்றும், அடுத்த பேருந்தில் போனால் என்ன என்று எனக்கும் தோன்றும். அப்புறம் ஞாயிறுவரை முகம் பார்க்காமலே போய்விடும். அந்தப் பயத்தில்தான் ஒற்றைச் சாவியோடு இருக்கிறோம்.

5. ஆய்வு நாளன்று நடந்ததில் என் தவறும் உண்டு. மறைக்காமல் எழுதுகிறேன். பகல் பதினொரு மணிக்கு ஆய்வாளர் வருவார் என்று கடிதம் வந்தது. அன்று நான் விடுப்பு எடுத்திருந்தேன். அரசாங்கத்து ஆள் வரும் நேரத்தில் வீட்டு ஆண்பிள்ளை பனியனோடு படுத்துக் கிடந்தால் என்ன நினைப்பார்கள் என்று எனக்குக் கூச்சமாகிவிட்டது. வேலை முடிந்து கண் எரிச்சலோடு வந்தவரை, தேய்த்த சட்டையைப் போடச் சொல்லி, பதினொன்றுக்குச் சரியாக வாருங்கள் என்று பூங்காவுக்கு அனுப்பிவைத்தேன். அவசரத்தில் அவர் போனை மறந்து வைத்துவிட்டுப் போனார். கொடியில் கிடந்த கைலி, சவர சாமான், பழைய செருப்பு எல்லாவற்றையும் அள்ளிப் பெட்டியில் அடைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். வீடு பளிச்சென்று இருந்தது.

ஆய்வாளர் பத்தே காலுக்கே வந்துவிட்டார். கணவர் எங்கே என்று கேட்டார். வெளியே போயிருக்கிறார் என்றேன். எங்கே என்றார். தூங்க வேண்டிய மனிதரைப் பூங்காவில் உட்கார வைத்திருக்கிறேன் என்று எந்த வாயால் சொல்வது? பெட்டியைத் திறந்து பார்த்து, “கணவரின் உடைமைகள் பயணத்துக்குத் தயாராக உள்ளன” என்று எழுதிக்கொண்டார். இருபது நிமிடத்தில் போய்விட்டார். பதினொன்று அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது, தலை வாரி, கையில் மொழி வகுப்புச் சான்றிதழோடு என் கணவர் வாசலில் வந்து நின்றார்.

6. அதே நாளில் தலையணை உறையையும் துவைத்துவிட்டேன். மாலையில் நான் வந்து படுக்கும்போது அதில் ரொட்டி வாசனை இருக்கும். அதை வைத்துத்தான் அவர் நன்றாகத் தூங்கினாரா, புரண்டுகொண்டே இருந்தாரா என்று எனக்குத் தெரியும். ஏழு ஆண்டுகளாக யார் யாருடைய படுக்கை விரிப்பையோ துவைப்பவள், துவைக்கக் கூடாத ஒன்றை அன்று துவைத்தேன்.

7. தையற்காரர் ஆய்வாளரிடம் சொன்ன சாட்சியமும் எங்களுக்கு எதிராக எழுதப்பட்டுள்ளது. அவர் சொன்னது இதுதான்: “அந்த ரூம்ல எப்பவும் ஒருத்தர்தாங்க இருப்பாங்க. பகல்ல அவரு, சாயங்காலத்துக்கு மேல அந்தம்மா. ரெண்டு பேரையும் சேர்த்துப் பார்க்கணும்னா நீங்க பஸ் ஸ்டாப்புக்குத்தான் போகணும்.” மனிதர் நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருக்கிறார். அறிக்கையில் முதல் வாக்கியம் மட்டும் இருக்கிறது.

8. நாங்கள் பேசிக்கொள்வது பெரும்பாலும் காலண்டர் தாளின் பின்பக்கத்தில்தான். கிழித்த தாளில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டிவைப்போம். இதுவரை சேர்ந்தவை முந்நூற்று எட்டு. அவற்றை அரிசி டின்னில் வைத்திருந்ததால் ஆய்வாளர் கண்ணில் படவில்லை. அவர் எழுதியவற்றில் இரண்டை மட்டும் இங்கே எடுத்து எழுதுகிறேன். ஒன்று: “ராத்திரி இருமினியாம், தையக்காரர் சொன்னாரு. மருந்து வாங்கி வச்சிருக்கேன். குடிக்காம இருந்துடாத.” இன்னொன்று: “இன்னிக்கு உனக்கு ஒண்ணும் எழுத வரல. சும்மா பேப்பரு ஒட்டியிருக்கேன்.” நாற்பது தாள்களை இணைத்துள்ளேன். எல்லாவற்றையும் அனுப்ப மனம் வரவில்லை. பார்த்த பிறகு தயவுசெய்து திருப்பித் தர வேண்டும்.

ஐயா, வசிப்பாளர் அட்டை கிடைத்த அடுத்த வாரமே பகல் வேலைக்கு மாற்றுவதாகத் தொழிற்சாலையில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கடல் கடந்து வந்தவரோடு ஒரே நேரத்தில் விளக்கணைத்துப் படுக்க வேண்டும், அவர் குறட்டை விடுகிறார் என்று சண்டை போட வேண்டும் என்பதுதான் என் ஆசை. அட்டை வந்த அன்றே இரண்டாவது தலையணை வாங்கிவிடுவேன். அதையும் ஆய்வாளர் வந்து எண்ணிக்கொள்ளலாம்.

ஆகவே உத்தரவை நிறுத்திவைத்து, மீண்டும் ஒருமுறை ஆய்வு செய்ய ஆணையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இம்முறை அறைக்கு வர வேண்டாம். புதன், ஞாயிறு தவிர எந்த நாளும் மாலை ஐந்து பத்துக்குப் பணிமனை எதிரிலுள்ள நிறுத்தத்துக்கு ஆய்வாளரை அனுப்பினால் இருவரையும் சேர்த்தே பார்க்கலாம். என்ன கேட்டாலும் பதில் சொல்கிறோம். விசாரணையை ஐந்து நிமிடத்தில் முடித்துக்கொள்ளும்படி மட்டும் அவரிடம் சொல்லிவிடுங்கள். மீதிப் பத்து நிமிடம் எங்களுக்கு வேண்டும்.

இணைப்பு: காலண்டர் தாள்கள் – 40, இருவரின் வேலை நேரச் சான்றுகள், தொழிற்சாலைக் கடிதம், மொழி வகுப்புச் சான்றிதழ்.

இடம்: அறை எண் 14
நாள்: 14, செவ்வாய்க்கிழமை

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
மேற்படி அறையில் வசிக்கும் இருவரில் ஒருத்தி