தையல்கடை முனை

ஏங்க,

அசந்து தூங்குகிறீர்கள், எழுப்ப மனம் வரவில்லை. கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். கத்தத்தான் தெம்பில்லை.

அடுப்பில் சூப் இருக்கிறது, சூடு பண்ணிக் குடியுங்கள். மதியம் வீட்டு புரோக்கர் யாரையோ கூட்டி வருகிறாராம். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் "காலி பண்றோம்"னு அவரிடம் சொன்னது நீங்கள்தானே, நீங்களே சுற்றிக் காட்டுங்கள். கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தால்தான் சாவி திரும்பும் என்பதையும் சொல்லிவிடுங்கள். பாவம், வருகிறவர்களாவது முதல் நாளே வாசலில் நிற்காமல் இருக்கட்டும்.

"ஊருக்கு வெளிய போனா ரெண்டு ரூம், வாடகையும் கம்மி" என்கிறீர்கள். சரி. அங்கிருந்து நீங்கள் ஒரு ரயில், நான் ஒரு ரயில். இங்கே சாயங்காலம் நான் ஆஸ்பத்திரி வேலை முடிந்து நடந்து வரும்போது நீங்கள் ராத்திரி வேலைக்கு அச்சகத்துக்கு நடந்து போகிறீர்கள். தையல்கடை முனையில் ரெண்டு நிமிஷம் நின்று பேசுகிறோம். மற்ற நேரமெல்லாம் ஒருவர் மாற்றி ஒருவர் தூக்கம். நாம் குடும்பம் நடத்துவதே அந்த முனையில்தான். ரெண்டு ரூம் இருந்து யார் யாரோடு பேசுவது?

பால் நான் வாங்கி வருகிறேன்.

பி.கு.: நேற்று என்னைப் பார்த்ததும் எதிர்ப்பக்கம் மாறிப் போனீர்களே, தையல்காரர் கவனித்துவிட்டார். "என்னம்மா, சார் இன்னிக்கு அந்தப் பக்கமா போறாரு?" என்றார். வெயிலுக்காக என்று சொல்லிவைத்தேன். அப்போது மழை தூறிக்கொண்டிருந்தது.

இன்றைக்கு இந்தப் பக்கமாகவே வாருங்கள். பேசக்கூட வேண்டாம், நின்றால் போதும்.