நாற்பத்தேழாவது குச்சி

விருத்தாசலம்
12.8.1974

பெண்ணாடத்தில் அண்ணன் வீட்டில் இருக்கும் அம்புஜவல்லிக்கு, சாமிதுரை எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு உரிமை உண்டா தெரியவில்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

நாலு நாள் மழையில் பீங்கான் பொம்மைகள் காயாமல் பாட்டரி கம்பெனியில் அப்படியே கிடக்கின்றன. மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தால், நம் அமிர்தம் உடைந்த கோப்பையைத் தரையில் தட்டுகிற சத்தம் கேட்கிறது. குழந்தை போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. கோப்பையையும் நானே கொண்டுபோய் எறிந்துவிட்டேன். சத்தம் மட்டும் போகவில்லை. பயமாகத்தான் இருக்கிறது.

சென்னை ஆஸ்பத்திரியில் குழந்தைக்கு ரத்தம் எடுத்தார்களே, அதன் முடிவு அவள் போன பிறகு தபாலில் வந்தது. இங்கிலீஷில் இருந்ததால் பெட்டியில் போட்டு வைத்திருந்தேன். போன மாசம்தான் சயன்ஸ் வாத்தியார் பாலகிருஷ்ணனிடம் காட்டினேன். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் குரோமோசோம் என்று நூல் மாதிரி நாற்பத்தாறு இருக்குமாம். தாயிடமிருந்து பாதி, தகப்பனிடமிருந்து பாதி. அமிர்தத்துக்கு நாற்பத்தேழு. அந்த ஒன்று கூடிப்போனதால்தான் அந்தக் கண், அந்த நாக்கு, பழுதான அந்த இதயம் எல்லாம். கரு உண்டாகும்போதே முடிந்துபோன கணக்காம் அது.

கிரகணம் வந்தது உனக்கு ஆறாம் மாசத்தில். கிரகண நேரத்தில் முழுகாமல் இருப்பவள் எதையாவது அறுத்தால் பிள்ளைக்கு ஆகாது என்று ஊரே உன்னைச் சொன்னது. அன்று நீ கம்பெனியில் கம்பியால் களிமண் அறுத்ததற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை அம்பு.

பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு இதைப் படமாக எழுதலாம் என்றார் வாத்தியார். படம் யாருக்குப் புரியும்? நான் மண்ணில் குச்சி குச்சியாகச் செய்து சுட்டேன். உன் பங்கு இருபத்துமூன்றுக்குச் சிவப்பு, என் பங்குக்கு நீலம். கூடுதல் குச்சி யாரிடமிருந்து வந்தது என்று அந்தக் காகிதத்தில் இல்லை. அதை வெள்ளையாகவே விட்டுவிட்டேன். மூன்று நாளும் மேசைக்குப் பின்னால் நின்று, பாட்டரிக்காரன் பாடம் நடத்துகிறான் என்று சிரித்தவர்களுக்கும் சேர்த்தே சொன்னேன். நல்லூரிலிருந்து ஒரு பெண் வந்தாள். இடுப்பில் நம் அமிர்தத்தைப் போலவே ஒரு குழந்தை. எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப நான் ஒண்ணும் பண்ணலீங்களா?" என்று மூன்று தடவை கேட்டாள். இரண்டு தடவை பதில் சொன்னேன். மூன்றாவது தடவை அந்த வெள்ளைக் குச்சியை எடுத்து அவள் கையில் வைத்துக் காட்டினேன்.

கடைசி நாள் அம்மாவும் நம் சொந்தக்காரர்களும் வந்திருந்தார்கள். குழந்தைக்குப் பேர் வைத்த அன்று, "கிரகணத்தன்னிக்கு வேலைக்குப் போவாதன்னு சொன்னேன், கேக்கல" என்று இவர்கள் முன்னால் சொன்னவன் நான்தானே. அது பொய். ஆர்டர் அவசரம், போய்விட்டு வா என்று உன்னை அனுப்பியதே நான். அதையும் அவர்களிடம் சொல்லிவிட்டேன். அம்மா எழுந்து போய்விட்டாள். இத்தனை வருஷம் நீ என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருந்தாயே, அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

போன வாரம் மச்சான் ஜெயராஜைச் சந்தையில் பார்த்தேன். நீ இன்னும் கத்தியையோ அரிவாள்மனையையோ தொடுவதில்லையாம். உன் அண்ணி நறுக்கிக் கொடுத்தால்தான் குழம்பு வைக்கிறாயாம். கீரையைக்கூடக் கையால் கிள்ளித்தான் போடுகிறாயாம். இதைச் சொல்லிவிட்டு அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

திரும்பி வா என்று கேட்க எனக்கு வாயில்லை. நீ வராவிட்டாலும் சரி. இந்தக் கடிதம் கிடைத்த அன்று ஒரே ஒரு கத்தரிக்காயை உன் கையால் நறுக்கு. நறுக்கினேன் என்று கார்டில் ஒரு வரி எழுதிப் போடு, போதும். உன் கை ஒரு பாவமும் செய்யவில்லை. நம் ஊர் அம்மன் விருத்தாம்பாள் அந்தக் கைக்குத் துணையாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
சாமிதுரை