செத்துப்போன டிராகன்

11 ஜூன் 2017, ஞாயிறு

டிராகன் செத்தபோது நானும் அழுதேன் என்று இன்று யாரிடமும் சொல்லவில்லை. போன மாதம் பார்த்த இரண்டு மாயாஜாலப் படங்களில் மனிதர்கள் கூட்டங்கூட்டமாகச் செத்தார்கள். எனக்குக் கண்கூடக் கலங்கவில்லை.

என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போன இன்ஜினியரும் படத்துக்கு வந்திருந்தார். எங்களுக்கு நடுவில், சுரங்கத்தில் வேலை செய்யும் அப்பா. இரவுக்குள் நான் பதில் சொல்லியாக வேண்டும். படம் முடிந்து விளக்கு எரிந்ததும் இன்ஜினியர் என் அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

“கிராஃபிக்ஸ் பல்லி அங்கிள். அதுக்குப் போயா அழுவீங்க?”

“மைன்ஸ் தூசி தம்பி, கண்ல பூந்துகிச்சு.”

“ஏசி தியேட்டர்லயா?”

பஸ் ஸ்டாண்டு வரை சிரித்துக்கொண்டே வந்தார்.

வீட்டில் அம்மா, “பர்மனென்ட் வேலை, குவார்ட்டர்ஸும் இருக்கு. என்னடி சொல்ற?” என்றாள்.

அப்பா முகம் கழுவிக்கொண்டு வந்து தரகருக்குப் போன் செய்தார். பத்துக்கு ஒன்பது பொருத்தம் இருந்த ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டார்.