துணி என்று எழுத மாட்டேன்

ஸ்ரீவில்லிபுத்தூர்
14.11.1988

மகன் சமுத்திரத்துக்கு அப்பா உக்கிரபாண்டி எழுதுவது. இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். உன் சுகத்தை நான் விசாரிக்கவில்லை. சங்கரலிங்கம் கடைக்குப் போன் போட்டு உன் அம்மாவிடம் நீ கத்திய கத்தலைப் பார்த்தால் பம்பாயில் நன்றாகத்தான் சாப்பிடுகிறாய் என்று தெரிகிறது. ஒரு கிழிந்த துணிக்காக உன் தங்கச்சி நாச்சியாரின் கல்யாணத்தைக் கெடுத்துவிட்டேன் என்றாயாம். அது வெறும் துணிதான் என்று போலீசுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு என் வேலையைப் பார்க்கச் சொன்னாயாம். சாமான் வாங்க வந்தவர்கள் எல்லாம் பார்க்க அம்மா கடையிலேயே அழுதுவிட்டாள். நடந்தது என்ன என்று தெரிந்துகொண்டு பிறகு வாயைத் திற.

மாப்பிள்ளை வீடு பார்க்க ராஜபாளையம் போனோம். மாப்பிள்ளையின் அப்பா வீரணனுக்குப் பஞ்சு பிரிக்கிற ஜின்னிங் பேக்டரி, அதே காம்பவுண்டுக்குள் வீடு. நுழையும்போதே பார்த்துவிட்டேன். ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி ஏற்றிய தேசியக் கொடி ஐப்பசி மழையிலும் கம்பத்திலேயே தொங்குகிறது. காவி வெளுத்து, பச்சை நார் நாராகி, வெள்ளையில் பஞ்சுத் தூசி அப்பிக் கிடந்தது. பொழுது சாயும்முன் கொடி இறங்காவிட்டால் பட்டாளத்தில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். சம்பந்தம் பேச வந்த இடமாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். காப்பி குடிக்கும்போது நல்லவிதமாகத்தான் சொன்னேன், அதை இறக்கிவிடலாமே மச்சான் என்று. அவன் சிரிக்கிறான். நடுவில் இருப்பது ராட்டைதானே, பஞ்சு வியாபாரிக்கு அது விளம்பரம், கிடக்கட்டும் என்கிறான். ராட்டை இருந்தது பழைய கொடியில். நாற்பத்தேழில் அதை எடுத்துவிட்டு அசோகர் தூணில் உள்ள சக்கரத்தை வைத்தார்கள். ராட்டை என்றால் பின்பக்கம் நின்று பார்த்தால் திரும்பித் தெரியும், சக்கரம் எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் ஒன்றுபோல இருக்கும். காவி தியாகத்துக்கு, வெள்ளை சத்தியத்துக்கு, பச்சை நாம் நிற்கிற மண்ணுக்கு. நான் ரெக்ரூட்டாக இருந்தபோதே சொல்லிக் கொடுத்தது இதெல்லாம். நான் சொல்லி முடிக்கவில்லை, டிரைவரைக் கூப்பிட்டு, "ஏலே, பட்டாளத்தாருக்கு அது வேணுமாம், அவுத்துக் குடு. காரு தொடைக்க வேற துணி பாத்துக்கிடுவோம்" என்றான். அத்தனை பேரும் சிரித்தார்கள். நானே போய் இறக்கி, மடித்து, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். இலை போட்டிருந்தார்கள், சாப்பிடவில்லை. கை நனைக்காமல் வந்ததுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

கிழிந்த கொடிக்கும் ஒரு முறை உண்டு. குப்பையில் எறியக் கூடாது, ஒட்டுப் போடக் கூடாது, மறைவான இடத்தில் மரியாதையோடு முழுசாக எரித்துவிட வேண்டும். நம் கிணற்றடியில் அதைச் செய்தேன். எரிந்து அடங்கும் வரை சல்யூட் அடித்தபடி நின்றேன். அந்த நேரம் பார்த்து, கொடியைத் திருப்பி வாங்கிவர வீரணன் அனுப்பிய டிரைவர் வேலிக்கு அந்தப்பக்கம் நின்றிருக்கிறான். மறுநாளே வீரணன் ஸ்டேஷனில் மனுக் கொடுத்துவிட்டான், உக்கிரபாண்டி தேசியக் கொடியைக் கொளுத்தினான் என்று. மூன்று மாதமாக அதை மழையில் போட்டுக் கந்தலாக்கிய களவாணி தேசபக்தன், நான் துரோகி! இன்ஸ்பெக்டர் சின்ன வயசு, மரியாதையாக உட்கார வைத்துத்தான் பேசினார். கேஸ் என்று ஆனால் ஜெயில்கூட வரலாம், பென்ஷனுக்கும் வம்பு, எரித்தது பழைய துணி, கொடி இல்லை என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் முடிந்தது என்றார். வீரணனும் ஆள் விட்டிருக்கிறான். துணிதான் என்று நான் என் கையால் எழுதிக் கொடுத்தால் மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு நிச்சயத்துக்கு நாள் பார்ப்பானாம். இப்போது நீயும் அவன் கூடச் சேர்ந்து பாடுகிறாய்.

எழுபத்தொன்று சண்டையில் உன் சித்தப்பா சோலைச்சாமி விழுந்தபோது நானும் அதே கம்பெனியில் இருந்தேன். அவன்மேல் போர்த்திய கொடியைச் சிதைக்குத் தீ வைக்குமுன் எடுத்து மடித்தது இந்தக் கைதான். ஊருக்குக் கொண்டுவந்து உன் சித்தி பிச்சையம்மாளிடம் கொடுத்தேன். என் தம்பியை அவளுக்குத் திருப்பிக் கொடுக்க என்னால் முடியவில்லை, அதைத்தான் கொடுக்க முடிந்தது. அன்றைக்குத் தீயில் படாமல் எடுத்ததும் முறை, இன்றைக்குத் தீயில் வைத்ததும் முறை. இது துணி என்றால் அவள் பெட்டியில் இருப்பது என்னடா? அவள் முகத்தைப் பார்த்து நீ அதைச் சொல்லிவிட்டு வா, நான் கையெழுத்துப் போடுகிறேன்.

கல்யாணம் நாச்சியாருடையது, அதனால் அவளிடம் மட்டும் கேட்டேன். இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைக்காமலே சொன்னாள். "சட்டையத் தேச்சு வச்சிட்டேன், நாளைக்கு ஸ்டேஷனுக்குப் போட்டுக்கிட்டுப் போங்க. துணின்னு எழுதிட்டு வந்தியன்னா நான் அந்த வீட்டுக்கும் போவ மாட்டேன், இந்த வீட்லயும் இருக்க மாட்டேன்." பொட்டப்பிள்ளைக்கு இருக்கிற ரோசம் உனக்கு இல்லை. நாளைக்கு எழுதப் போகிறேன்: எரித்தது தேசியக் கொடி, எரித்தது நான், முறைப்படி எரித்தேன். ஜெயில் என்றால் ஜெயில். வக்கீலுக்கு என்று நீ பணம் அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

அம்மாவுக்கு மழை வந்தால் மூச்சு இரைக்கிறது, அவளுக்கு மட்டும் ஆறுதலாக நாலு வரி எழுது. மழைத் தண்ணீரில் நனையாதே, வேளைக்குச் சாப்பிடு. என்ன வைதாலும் நீ நான் பெற்ற பிள்ளை, நல்லா இரு. ஒன்றே ஒன்றை ஞாபகப்படுத்துகிறேன். ஆகஸ்ட் மாசம் எழுதினாயே, எங்கள் கம்பெனியில் கொடி ஏற்றினார்கள், பட்டாளத்தார் மகன் என்று என்னை முன்வரிசையில் நிறுத்தினார்கள், விறைப்பாக நின்று சல்யூட் அடித்தேன் அப்பா என்று. அம்மா அதைத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அன்றைக்கு நீ எதற்குடா சல்யூட் அடித்தாய்?

உன் அப்பா,
ஹவில்தார் உக்கிரபாண்டி