இவர் கையில் அதிரும் வாட்ச்

ஆனி 8, ஞாயிறு

காலையிலேயே வெயில் கொளுத்தல். போர்வை இரண்டும் பத்து மணிக்குள் காய்ந்துவிட்டன.

இவர் நடக்கப் போய்ப் பாதியில் திரும்பிவிட்டார். இன்றைக்கும். குளத்தை ஒரு சுற்று கூட முடிக்கவில்லை. வாட்ச் கையில் 'விர்ர்' என்றதாம். உடனே பூக்கடைப் பலகையில் உட்கார்ந்துவிட்டாராம். பூக்காரம்மா தண்ணீர் கொடுத்தாளாம். வீட்டுக்கு வந்தவர் முகத்தில் ரத்தமே இல்லை.

இதயத்தில் ஸ்டென்ட் வைத்து நாலு மாதம் ஆகிறது. டாக்டரம்மா போன வாரமும் சொன்னார். "தாராளமா நடங்க. மெதுவா மலைகூட ஏறலாம். மூச்சு வாங்கினா நின்னு போங்க, அவ்ளோதான்." நன்றாகத் தலையாட்டினார். படித்த டாக்டர் சொல்வதில் நம்பிக்கை இல்லை, கையில் கட்டிய டப்பா சொல்வதில் நம்பிக்கை.

டப்பா, மகன் தினேஷ் ஓசூரிலிருந்து வாங்கி அனுப்பியது. முதல் சம்பளத்துப் பாசம். குறை சொல்லக் கூடாது.

இன்று அது சொன்னவை:
நடந்தால், இதயத் துடிப்பு அதிகம்.
உட்கார்ந்தால், எழுந்து நடங்கள்.
சும்மா இருந்தால், மூச்சை ஆழமாக இழுத்து விடுங்கள்.
மாமியார் இல்லாத வீட்டில் அந்தக் குறையும் தீர்ந்தது.

வாங்க வேண்டியது: துவரம்பருப்பு, பாத்திரம் தேய்க்கும் சோப்பு, இவர் மாத்திரை (காலை மாத்திரை மட்டும்).

ஆனி 10, செவ்வாய்

கரன்ட் இல்லை மதியம் வரை. விசிறிக்கொண்டே சமையல்.

இவர் மெடிக்கல் லீவ் இந்த மாதத்தோடு சரி. அரக்கோணம் ரயில் ஷெட்டில் ஃபிட்டர். ரயிலடியில் ஓடி வண்டி பிடித்தே வயதானவர். இன்று சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்கிறார், "எழுதிக் குட்த்துட்டு வந்துடலாம்னு பாக்கறேன். இனிமே நம்பளால ஆவாது."

ரசம் ஊற்றினேன். வேலை போனால் போகட்டும், அதைப் பற்றி இல்லை. வேலையை விட்டவர் அப்புறம் நடையை விடுவார், கடைத்தெருவை விடுவார், கட்டிலை விட்டு இறங்க மாட்டார். அது எனக்குக் கண்ணுக்கு முன்னால் தெரிகிறது. நான் பேசும்போது கூட மணிக்கட்டைத்தான் பார்க்கிறார். எரிச்சல். பயம். இரண்டும் சேர்ந்து.

தினேஷுக்குப் போன் போட்டேன்.

"டேய், அத்தக் கழட்டிப் போடச் சொல்லட்டுமா?"

"வேணாம்மா. அதுல இன்னா வந்தாலும் எனக்கும் வருது. நைனா கழட்டிட்டா எனக்குத் தூக்கம் வராது."

அப்பனுக்கு நடை போயிற்று, பிள்ளைக்குத் தூக்கம் போகும். நல்ல டப்பா.

ஆனி 11, புதன்

பஜாரில் சலீம் பாய் மொபைல் கடை. வாட்ச்சையும் அதோடு சேர்ந்த இவர் போனையும் எடுத்துக்கொண்டு போனேன். குளிக்கும்போது மட்டும்தான் கழற்றுகிறார், அந்த நேரம் பார்த்து.

பாய் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அக்கா, உங்க பையன் துடிப்பு அளவ ரொம்பக் கம்மியா வெச்சிக்கீறான். நான் பஸ்ஸுக்கு ஓடுனா எனக்கே கத்தும் இது. ஏத்தி வெக்கட்டா?"

"எவ்ளோ வெக்கலாம்னு டாக்டரம்மாவைக் கேக்கணும் பாய்."

"ஆங், அதான் கரெக்டு. நடக்கசொல்ல உடற்பயிற்சின்னு இத்த அமுக்கிட்டா உக்காரு, எந்திரி எல்லாம் வராது. அத்த மட்டும் இப்பக் காட்டறேன்."

காட்டினார். காசு வாங்கவில்லை, டீ வேறு.

வீட்டில் சொன்னேன். இவர் நம்பவில்லை. "அவன் கம்மியா வெச்சதுக்கு எதனா காரணம் இருக்கும். உனுக்கு இன்னா தெரியும், உன் நெஞ்சா அது?"

சுருக்கென்றது. அடுப்படிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். அப்போதுதான் தோன்றியது. என் நெஞ்சில் கட்டிப் பார்த்தால் என்ன? அளவை மாற்றாமல் அப்படியே கட்டிக்கொண்டு கோயில் மலைப்படி ஏறுகிறேன். எனக்கும் கத்தட்டும். கொண்டுவந்து காட்டுகிறேன்.

ஆனி 13, வெள்ளி

ராத்திரிதான் எழுத உட்கார்ந்தேன்.

காலையில் வாட்ச்சைக் கட்டிக்கொண்டேன். இவர் போன் கூடையில். என் போன் வீட்டில் சார்ஜில். "போய்ட்டு வா," என்றார் கட்டிலில் இருந்தே. ஆஸ்பத்திரி வாசலில் நேர்ந்துகொண்ட சிதறு தேங்காயும் பாக்கி இருந்தது, அதையும் எடுத்துக்கொண்டேன்.

முதல் மண்டபம் தாண்டுவதற்குள் 'விர்ர்'. அடுத்ததற்குள் மறுபடி. எனக்கு ஒரே சந்தோஷம். கூடையில் போனும் சேர்ந்து கத்த, பக்கத்தில் ஏறின தெலுங்கம்மா திரும்பிப் பார்த்தாள். போனைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு ஏறினேன்.

மேலே தேங்காய். ஓங்கி அடித்தேன். நாலு மாதத்து ஆத்திரம் அத்தனையும் அந்த ஒரு அடியில். சில்லு சில்லாகத் தெறித்தது. கண்ணை மூடிக் கும்பிட்டு நின்றேன், அசையாமல், ரொம்ப நேரம். மணிக்கட்டில் விடாமல் அதிர்ந்தது. கத்து, நன்றாகக் கத்து என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் தரிசனம். அப்புறம் நிழலில் உட்கார்ந்து கட்டி வந்த தயிர்சோறு. பாதி சாப்பிட்டிருப்பேன். படியில் ஒருத்தர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்பில்லாமல், ஒவ்வொரு கும்பலிலும் தலையை நுழைத்துப் பார்த்துக்கொண்டு வருகிறார். இவர் சாயலில் யாரோ என்றுதான் நினைத்தேன்.

இவரேதான்.

"எங்க வுழுந்த? எங்க அடி?"

"யாரு வுழுந்தது? நான் சோறு துன்னுகினு கீறேன்."

"போன எடுக்க மாட்டியா நீ? கீழேருந்து ஒவ்வொரு மண்டபமா பாத்துகினு வரேன். எங்கனா வுழுந்து கெடக்கறியோன்னு..." என் கையைப் பிடித்தார். "நீ இல்லன்னா நான் இன்னாடி பண்ணுவேன்." இத்தனை ஜனத்துக்கு நடுவில் அழுதார். நானும்.

நடந்தது இதுதான். தேங்காய் உடைத்த அடியை நான் கீழே விழுந்ததாக வாட்ச் எடுத்துக்கொண்டுவிட்டது. கும்பிட்டு நின்றதை மயக்கம் என்று நினைத்து ஓசூருக்குச் செய்தி அனுப்பிவிட்டது. தினேஷ் பதறிப்போய் இவர் போனுக்கு அடித்திருக்கிறான், சத்தம்தான் இல்லையே. என் போனுக்கு அடிக்க, இவர் எடுத்திருக்கிறார். "நைனா, நீங்க வூட்லயா கீறீங்க? அப்ப யாரு வுழுந்தது?"

கதவைக்கூடச் சாத்தாமல் கிளம்பியிருக்கிறார். ஆட்டோவுக்கு நிற்கவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டேன், "ஏங்க, நீங்க எப்டி வந்தீங்க?"

"படியிலதான்." சொன்னவர் திரும்பிக் கீழே பார்த்தார். பார்த்துவிட்டு மெல்ல உட்கார்ந்தார். கை நெஞ்சுக்குப் போயிற்று.

"வலிக்குதா?"

"இல்ல." யோசித்தார். "அடிச்சிகினு கீது. அவ்ளோதான்."

"எனக்கும்தாங்க." வாட்ச்சைக் காட்டினேன். என் எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மிச்சத் தயிர்சோற்றை அவரே சாப்பிட்டார்.

படியில் இறங்க விடவில்லை, மலைப்பாதை பஸ்ஸில் கூட்டிவந்தேன். சாயந்திரம் டாக்டரம்மா ஈசிஜி எடுத்துப் பார்த்தார். ஒன்றுமில்லை. "ஓடக் கூடாதுங்க. ஏறலாம்னுதானே சொன்னேன்," என்று இவருக்குத் திட்டு. அளவு எவ்வளவு வைக்கலாம் என்று எண் எழுதிக் கொடுத்தார்.

வீட்டில் பூனை பாலைக் குடித்திருந்தது.

ஆனி 16, திங்கள்

மூட்டம். தூறல் வரும் போலிருக்கிறது.

சலீம் பாய் சனிக்கிழமை அளவை மாற்றிக் கொடுத்தார். விழுந்தால் சொல்லும், மீறினால் சொல்லும், மற்றபடி வாயைத் திறக்காது. தினேஷிடம் ஷெட்டில் சேரும் நாளைப் பற்றி இவரே பேசினார் நேற்று. நான் காதில் விழாத மாதிரி கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

இன்று தானாகவே சட்டை மாட்டினார். "குளத்தாண்ட போய்ட்டு, முடிஞ்சா மொத மண்டபம் வரைக்கும் ஏறிட்டு வரேன்." நீயும் வா என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வழக்கமாகத் திரும்பும் நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. வாசலுக்கு இரண்டு தரம் போய் வந்தேன். இட்லி ஆறுகிறது. போன் மடியில். இப்போது கூப்பிட்டால் அவர் கையில் அதிரும். நிற்பார். மணிக்கட்டைப் பார்ப்பார்.

கூப்பிடக் கூடாது. கூப்பிட மாட்டேன்.