‘கஷ்டங்கள் இல்லை’ என்று எழுதியது நான்

கூடப் பிறக்காமலே என்னை அக்காவாக்கிய ஜெறோமுக்கு,

நீ போய் மூன்று மாதமாகப் போகிறது. உன் இடத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை. வாட்டில் ஐந்து டொக்டர்மாரின் வேலையை மூன்று பேராகச் செய்தோம், இப்போது இரண்டு பேர். முன்பே விட்டுப் போனவர்கள் வெளிநாட்டில் இருந்துகொண்டு உன் படத்துக்குக் கீழே கண்ணீர்த்துளி போடுகிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் அது பொய்.

ஒரு புதினம் சொல்கிறேன். எங்களுக்கு மன அழுத்தம் பற்றி ஒரு கருத்தரங்கு வைத்தார்கள், அதுவும் மத்தியானம் சாப்பிடுகிற நேரத்தில். தினமும் எட்டு மணித்தியாலம் நித்திரை கொள்ளுங்கள் என்றார் பேச வந்தவர். நம் மூவரில் கடைசியாகச் சேர்ந்த சிந்து அதற்கு முன்பே என் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டாள். நீ இருந்திருந்தால் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்திருப்பாய்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது வேறு விடயத்துக்கு.

மருத்துவ நிபுணர் பயிற்சியில் இருக்கிற நாங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கும் படிவம் உனக்கு நினைவிருக்கும். கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வி: பயிற்சியில் ஏதும் கஷ்டங்கள் உண்டா? நம் வாட்டில் அந்தப் பக்கத்தை மூத்தவர் எல்லோருக்கும் சேர்த்து ‘இல்லை’ என்று நிரப்புவது வழக்கம். பெரிய டொக்டர் வாசிக்காமலே கையெழுத்து வைப்பார். எனக்கு முன்னால் இருந்தவர்களும் அப்படித்தான் செய்தார்கள்.

அன்றைக்கு நீ பிளேன்ரீக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு மெல்லக் கேட்டாய்.

“அக்கா, நான் மட்டும் வேறை மாதிரி எழுதட்டோ? ரெண்டு நாளைக்கு ஒருக்காத்தான் படுக்கிறன். நேற்று மருந்து அளவைப் பிழையா எழுதிப்போட்டன். நேர்ஸ் கண்டதாலை தப்பிச்சுது.”

“எழுதினால் கூப்பிட்டு விசாரிப்பினம். உன்னாலை ஏலாது எண்டு பயிற்சியை ஒரு வருசம் தள்ளிவிடுவினம். பேசாமல் இரு.”

நீ பேசாமல் இருந்தாய். நான் ‘இல்லை’ என்று எழுதினேன்.

பத்து நாள் கழித்து, முப்பத்தாறு மணித்தியாலம் தொடர்ந்து நின்றுவிட்டு வீட்டுக்குப் புறப்பட்டாய். மருதனார்மடத்துக்குக் கிட்ட, காலை வெயிலில், நிறுத்தி வைத்திருந்த லொறியில் உன் மோட்டார் சைக்கிள் மோதியது. பிரேக் பிடித்த அடையாளமே வீதியில் இல்லையாம்.

மூன்று நாளைக்கு முன் ஆஸ்பத்திரியில் உன் சாவு பற்றிய விசாரணை. குருநகரில் இருந்து உன் அம்மா தனியே வந்திருந்தார். அந்தப் படிவத்தைத்தான் அவருக்கு எடுத்துக் காட்டினார்கள். உங்கள் மகன் ஒரு கஷ்டமும் தெரிவிக்கவில்லை, மோட்டார் சைக்கிளை வேகமாக ஓட்டியிருக்கிறார் என்றார்கள். அவர் வெளியே வந்து, சுவரோரம் கிடந்த வாங்கில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“கடலுக்குப் போற என்ரை மனுசனே ஏலாட்டில் சொல்லிப்போட்டு வீட்டிலை நிப்பார். இவன் ஏன் பிள்ளை ஒருத்தரிட்டையும் சொல்லேல்லை?”

“சொன்னவன் அம்மா. என்னட்டைச் சொன்னவன். நான்தான் எழுத விடேல்லை.”

அவர் என்னைத் திட்டவில்லை. அதை எழுதிய என் கையைத்தான் பார்த்தார்.

“இப்ப சொன்னதை எழுதித் தருவியளோ?”

“ஓம் அம்மா.”

சொல்லிவிட்டேனே தவிர, மூன்று நாளாக ஒரு வரி எழுதவில்லை. எனக்கு இறுதிப் பரீட்சைக்கு ஐந்து மாதம் இருக்கிறது. பொய் எழுதியவள் என்று தெரிந்தால் என்ன செய்வார்களோ? உன் அம்மாவுக்குச் சொன்ன ‘ஓம்’ அந்தப் பயத்துக்குள் அமுங்கிப் போயிருந்தது. இதை உனக்கு மறைத்து என்ன பயன்?

இன்று காலை சிந்து தன் படிவத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். கடைசிப் பக்கம் வெறுமையாக இருந்தது.

“வழமைபோல நீங்களே எழுதிவிடுங்கோ அக்கா.”

“கடைசியா எப்ப படுத்தனி?”

அவளுக்கு நினைவில்லை. யோசித்துப் பார்த்துவிட்டு அழுதாள். நான் பேனாவை அவளிடமே கொடுத்தேன்.

“உள்ளதை எழுது. கேட்டால் நான் சொன்னன் எண்டு சொல்லு.”

பிறகு போய் உட்கார்ந்து, நடந்தது முழுவதையும் இரண்டு பிரதி எழுதிக் கையெழுத்து வைத்தேன். ஒன்றை விசாரணைக் குழுவிடம் கொடுத்துவிட்டேன். மற்றதை ஞாயிற்றுக்கிழமை உன் அம்மாவின் கையில் கொடுப்பேன். மன்னிப்புக் கேட்கிற துணிவு எனக்கு இன்னும் வரவில்லை. ஆனால் தன் பிள்ளை வாய் திறந்து சொன்னவன் என்று அவர் வாசிக்கிற வரைக்கும் உன் வீட்டு வாசலை விட்டு வரமாட்டேன், இது சத்தியம்.

நீ சொன்னதைக் கேட்டும் கேளாத,
உன் அக்கா